அடிக்கு ஒரு நூல் வாட்டம்

இல்லம்: வாசகர் கேள்வி பதில்

வீட்டில் ஒரு விசேஷம் என்று நாள் குறித்த மறுநாளே வெள்ளையடிக்க ஆள் தேடுவது மதுரைப் பக்கத்துப் பழக்கம். இந்த இதழுக்கு வந்த கடிதங்களும் அந்தப் பரபரப்பிலேயே எழுதப்பட்டிருக்கின்றன. முதல் கடிதத்திற்கு நீண்ட பதில் தேவைப்பட்டதால், மற்றவற்றுக்குக் கொஞ்சம் சுருக்கமாகவே எழுதியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் வீடு 1986-இல் என் மாமனார் கட்டியது. குளியலறை அன்று கட்டியபடியே இருக்கிறது. அதை ஒட்டிய அறையின் சுவரில் முழங்கால் உயரத்திற்கு ஓதம் ஏறி, பூச்சு பொரிந்து கொட்டுகிறது. மூத்த மகளுக்கு ஏழாம் மாதத்தில் வளைகாப்பு நடத்தித் தலைப்பிரசவத்திற்கு அழைத்து வரப்போகிறோம். இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. 78 வயது மாமியாரும் உடன் இருக்கிறார். பழைய டைல்ஸ் மேலேயே புது டைல்ஸ் ஒட்டி ஐந்து நாளில் முடித்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். கர்ப்பிணி இருக்கும் வீட்டில் இடிக்கக்கூடாது என்கிறார் மாமியார். என்ன செய்யலாம்?
– வாசகி, செல்லூர்

பதில்: உங்கள் மாமியார் சொல்வதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அதில் நியாயம் இருக்கிறது. சாத்திரத்தை ஒருபுறம் வைத்துவிட்டாலும், சிமெண்ட் தூசியும் பெயின்ட் வாடையும் இரவு பகலாகச் சுத்தியல் சத்தமும் நிறைந்த வீட்டில், தரையெங்கும் குழாய்த் துண்டுகள் கிடக்க, வயிற்றுப் பிள்ளைக்காரியை நடக்க விடுவது சரியன்று. மகள் வருவதற்கு முன்பே வேலை முழுவதும் முடிந்து, வீடு கழுவப்பட்டு, ஒரு வாரமாவது ஆறியிருக்க வேண்டும். மூன்று மாதம் அதற்குத் தாராளம். அவசரம் எதுவும் இல்லாதபோது ஐந்து நாள் வேலைக்கு ஏன் ஒப்புக்கொள்ள வேண்டும்?

டைல்ஸ் மேல் டைல்ஸ் ஒட்டுவது எல்லா வீட்டிலும் தவறான வேலை என்று சொல்ல மாட்டேன். அடித்தளம் உறுதியாகவும் ஓதம் இல்லாமலும் இருக்கும் இடத்தில் அதற்கென்று உள்ள பசையைக் கொண்டு ஒட்டினால் நிற்கும். உங்கள் வீட்டில் சுவர் ஏற்கெனவே அழுகிறது. அதன் மேல் புது டைல்ஸ் ஒட்டினால் தண்ணீர் போகும் வழி மாறாது, கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துதான் போகும். தவிர, தரை அரை அங்குலத்துக்கு மேல் உயர்ந்துவிடும். குளியலறைத் தரை பக்கத்து அறைத் தரையைவிடச் சற்றுத் தாழ்ந்திருந்தால்தான் தண்ணீர் உள்ளேயே நிற்கும். இரண்டும் சமமாகிவிட்டால் குளித்த தண்ணீர் அறைக்குள் நடந்து வரும், கதவின் அடியையும் அறுக்க வேண்டிவரும்.

இடிப்பதற்கு முன் ஓதம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடுங்கள். வேறு குளியல் வசதி இருந்தால், பத்து நாள் அந்தக் குளியலறையில் தண்ணீர் விடாமல், ஆனால் குழாய்களுக்கு வரும் வால்வை மூடாமல் வைத்துப் பாருங்கள். சுவர் மெல்ல உலர்ந்து வந்தால் கசிவு தரையிலோ, தரையிலிருந்து தண்ணீர் இறங்கும் நானி டிராப்பின் விளிம்பிலோ இருக்கிறது. உலராமல் அப்படியே இருந்தால், சுவருக்குள் ஓடும் பழைய இரும்புக் குழாய் துருப்பிடித்துச் சொட்டுகிறது என்று கொள்ளலாம். அந்தக் காலத்து ஜி.ஐ. குழாய்க்கு இத்தனை ஆண்டுக்குப் பிறகு அது இயல்புதான். மூன்றாவதாக ஒன்றும் உண்டு: அடித்தளத்தில் ஓதத்தடுப்பு இல்லாத வீட்டில் நிலத்து ஈரமே செங்கல் வழியாக ஏறும். அப்படியானால் குளியலறையை ஒட்டாத மற்றச் சுவர்களிலும் அடையாளம் தெரியும். இந்த மூன்றில் எது என்று தெரியாமல் பூசப்படும் பூச்சு, அடுத்த மழைக்காலத்தைத் தாண்டாது.

வேலை தொடங்கினால் பழைய டைல்ஸையும் அதன் கீழ்ப் பூச்சையும் செங்கல் தெரியும்வரை எடுத்துவிடச் சொல்லுங்கள். குழாய்களைப் பிளாஸ்டிக்கில், குளிர்ந்த நீருக்கு யு.பி.வி.சி., வெந்நீருக்கு சி.பி.வி.சி. என்று மாற்றிவிட்டு, சுவரை மூடுவதற்கு முன்பே தண்ணீரை அழுத்தத்தில் நிறுத்தி வைத்து இணைப்புகளைத் தொட்டுப் பாருங்கள். பிறகு தரையிலும், சுவரில் குளிக்கும் இடத்தில் ஆள் உயரத்திற்கும், மற்ற இடங்களில் ஓரடி உயரத்திற்கும் நீர்த்தடுப்புப் பூச்சு இரண்டு கை. முதல் கை உலர்ந்த பிறகே இரண்டாவது கை. தரையும் சுவரும் சேரும் மூலையையும், நானி டிராப்பைச் சுற்றிய விளிம்பையும் நீங்களே குனிந்து பாருங்கள். ஒழுகும் குளியலறைகளில் பெரும்பாலும் அந்த இரண்டு இடங்களில்தான் கோளாறு இருக்கும்.

அதன்பின் தண்ணீர் கட்டிப் பார்ப்பது. டிராப்பை அடைத்து, இரண்டு அங்குல உயரத்திற்குத் தண்ணீர் நிறுத்தி, மட்டத்தைச் சுவரில் பென்சிலால் குறித்து, 48 மணி நேரம் கழித்துப் பாருங்கள். மதுரை வெயிலுக்குக் கொஞ்சம் ஆவியாகும், அது கணக்கில்லை. பக்கத்து அறைச் சுவரில் புதிதாக ஈரம் தெரிந்தாலோ மட்டம் நன்றாக இறங்கியிருந்தாலோ பூச்சைத் திரும்பச் செய்ய வேண்டும். ஐந்து நாள் ஒப்பந்தத்தில் இந்த இரண்டு நாளுக்கு இடமே கிடையாது. எல்லாம் சேர்த்து மூன்று வாரம் ஆகும் என்று திட்டமிடுங்கள்.

இனி வாட்டம், அதாவது தண்ணீர் ஓடத் தரைக்குக் கொடுக்கும் சரிவு. பழைய கொத்தனார்கள் ‘அடிக்கு ஒரு நூல்’ என்பார்கள். ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. ஆக, மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர். இதைவிடக் குறைந்தால் தண்ணீர் தேங்கும், மிகவும் கூடினால் வயதானவர்களின் கால் சறுக்கும். நாலு பக்கத்திலிருந்தும் டிராப்பை நோக்கி இறங்குகிறதா என்று, டைல்ஸ் பதித்து இடுக்கு அடைப்பதற்கு முன்பே, ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். கோலிக்குண்டு இருந்தால் அதை உருட்டிப் பார்ப்பது இன்னும் சுலபம். இதை நான் வலியுறுத்தக் காரணம் உண்டு. என் வீட்டில் மகள் திருமணத்துக்கு முன் அவசர அவசரமாகக் குளியலறையைப் புதுப்பித்தோம். வேலை பார்த்தவர் வயதில் மூத்தவர் என்பதால், ரசமட்டம் வைத்துக் காட்டுங்கள் என்று கேட்கக் கூச்சப்பட்டேன். விளைவு, பதினோரு ஆண்டுகளாகக் குளித்து முடித்தபின் வடகிழக்கு மூலையில் தேங்கும் தண்ணீரைத் துடைப்பத்தால் தள்ளிவிட்டுத்தான் வெளியே வருகிறோம். கல்யாணத்திற்கு வந்தவர்கள் டைல்ஸின் பூ வேலையைப் பாராட்டிவிட்டுப் போனார்கள்.

தரைக்குப் பளபளப்பான டைல்ஸ் வேண்டவே வேண்டாம். வழுக்காத வகையில், ஓரடிக்கு ஓரடியோ அதைவிடச் சிறியதோ வாங்குங்கள். சிறிய கல்லாக இருந்தால் இடுக்குகள் கூடும், காலுக்குப் பிடிப்பு கிடைக்கும், வாட்டம் அமைப்பதும் எளிது. இடுக்குகளுக்கு எபாக்சி அடைப்புக்குச் செலவு கூடினாலும், நம் ஊர் உப்புத் தண்ணீருக்கு அது தாங்கும்.

கழிப்பறையில் குத்துக்கால் இட்டு அமரும் வகை மட்டுமே இருந்தால் இப்போதே மாற்றிவிடுங்கள். மாமியாருக்கு முழங்காலும், மகளுக்குப் பிரசவத்திற்குப் பிந்தைய வாரங்களும் அதைத் தாங்கா. தரையிலிருந்து இருக்கை 18 அங்குல உயரத்தில் இருப்பது போன்ற, தரையில் நிற்கும் வகை போதும். சுவரில் தொங்கும் வகைக்குப் பழைய செங்கல் சுவரை நம்பாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து எழும்போது கைக்கு எட்டும்படி ஒரு பிடிகம்பி, குளிக்கும் இடத்தில் ஒன்று. இவற்றை ஒன்பது அங்குலச் சுவரில் ஆங்கர் போல்ட் போட்டு முடுக்கி, நீங்களே முழு எடையையும் போட்டுத் தொங்கிப் பார்த்த பிறகுதான் கூலி கொடுக்க வேண்டும். துண்டு காயப்போடும் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து விழுந்தவர்களை எனக்குத் தெரியும்.

கதவு வெளிப்புறமாகத் திறக்கட்டும். உள்ளே ஒருவர் மயங்கிக் கதவின்மேல் சாய்ந்து விழுந்துவிட்டால், உட்புறம் திறக்கும் கதவைத் தள்ளவே முடியாது. தாழ்ப்பாளும் வெளியிலிருந்து ஒரு நாணயத்தால் திருப்பித் திறக்கக்கூடியதாக இருப்பது நல்லது.

பிள்ளைக்கு வெந்நீர் வேண்டும் என்று கீசர் மாட்டுவீர்கள். கோடையில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரே கொதிக்கும் ஊரில் அது சில மாதங்களுக்குத்தான் என்றாலும், அதற்குரிய மின்வேலையைச் சிக்கனம் பார்க்காமல் செய்யுங்கள். 2000 வாட் கீசருக்கு 16 ஆம்பியர் இணைப்பும், மின்னோட்டம் மிகுந்தால் தானே துண்டிக்கும் தனி எம்.சி.பி.யும், சரியான எர்த்தும் தேவை. இவற்றுடன் 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. வீட்டில் இல்லையென்றால், சுவர் டைல்ஸின் விலையில் கொஞ்சம் குறைத்தாவது அதை வாங்கிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் போர் தண்ணீரில் உப்பு அதிகம். குழாய், ஷவர், வாளி எல்லாவற்றிலும் வெள்ளைக் கறை. அடுத்த மாதம் மகனின் நிச்சயதார்த்தம். ஆசிட் ஊற்றித் தேய்த்ததில் குழாய்கள் கறுத்துவிட்டன, மொசைக் தரையும் சொரசொரப்பாகிவிட்டது.
– வாசகர், வில்லாபுரம்

பதில்: கறுத்த குழாய் திரும்பி வெளுக்காது, முலாம் போய்விட்டது. மொசைக்கை மட்டும் காப்பாற்றலாம். அதில் பதிந்திருப்பவை பளிங்குச் சில்லுகள். ஆசிட் பளிங்கைக் கரைக்கும் என்பதால்தான் சொரசொரப்பு. பாலிஷ் மிஷின் வைத்திருப்பவரை அழைத்து இரண்டு மூன்று முறை தேய்க்கச் சொன்னால் பழைய வழவழப்பு பெருமளவு திரும்பும். அதை உடைத்துவிட்டு டைல்ஸ் போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்; அந்த மொசைக் உங்கள் பேரன் காலம்வரை உழைக்கும்.

வெள்ளைக் கறை என்பது தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மக்னீசியமும் படிந்து இறுகியது. மிதமான புளிப்பே அதை இளக்கும். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கிடைக்கும் சிட்ரிக் அமிலத்தை, ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி வீதம் கரைத்து, துணியை நனைத்துக் குழாயைச் சுற்றி அரை மணி நேரம் விட்டுவிட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். ஷவரின் தலையைக் கழற்றி அதே கரைசலில் இரவு முழுவதும் ஊறப்போடலாம். மொசைக், பளிங்கு, சிமெண்ட் தரை ஆகியவற்றில் இதுவும் படக்கூடாது. ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் ஒன்றாகப் பயன்படுத்தாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், சன்னல் சிறுத்த நம் குளியலறைகளில் அது மூச்சையே அடைத்துவிடும்.

குடிநீருக்கான இந்தியத் தர அளவில், மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு நீர் இல்லாதபோது 600 வரை அனுமதி. உங்கள் போர் தண்ணீரை மாவட்டத்திலுள்ள குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடத்தில் கொடுத்துச் சோதித்துவிட்டு, அதன் பிறகு மென்னீராக்கும் கருவி வாங்குவதைப் பற்றி யோசியுங்கள். அந்தக் கருவி கறையைக் குறைக்குமே தவிர, தண்ணீரின் உவர்ப்பைக் குறைக்காது. அதற்குள் நிச்சயதார்த்தம் வந்துவிட்டால், குளித்து முடித்தவர் குழாயை ஒரு துணியால் துடைத்துவிட்டு வர வேண்டும் என்று வீட்டில் சட்டம் போடுங்கள். மாப்பிள்ளைப் பையனிடமிருந்தே தொடங்கலாம்.

கேள்வி: ஆடி மாதத்தில் குளியலறை வேலையைத் தொடங்கலாமா?
– வாசகி, மேலூர்

பதில்: புதுமனை புகுவதற்குத்தான் ஆடியும் மார்கழியும் ஆகாது என்பார்கள், பழுது பார்ப்பதற்கு அப்படித் தடை சொல்லி நான் கேட்டதில்லை. வெளிச்சுவரில் பூச்சு வேலை இருந்தால் மட்டும் கவனம். ஆடிக்காற்றில் ஈரம் சீக்கிரம் இழுத்துப் பூச்சு மயிரிழையாக வெடிக்கும். நாளுக்கு மூன்று வேளை, ஏழு நாளாவது தண்ணீர் தெளிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: என் கணவருக்கு அறுபதாம் கல்யாணம் செய்ய வேண்டும் என்று பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள். பள்ளிச் சான்றிதழில் பிறந்த தேதி 1966 மே மாதம். அத்தையோ, ‘ஆவணி பிறந்த முதல் வாரம், அமாவாசை கழிந்த மூன்றாம் நாள்’ என்கிறார். எதை எடுத்துக்கொள்வது? திருக்கடையூர் போக வேண்டுமா, வீட்டிலேயே செய்யலாமா?
– வாசகி, திருமங்கலம்

பதில்: பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும் அன்று ஆசிரியர் கணக்குப் போட்டு எழுதிக்கொண்ட தேதி, அந்தத் தலைமுறையில் பாதிப் பேருக்காவது இருக்கும். பணி ஓய்வு, ஓய்வூதியம் எல்லாம் அந்தத் தேதிப்படி நடக்கட்டும். மணிவிழாவுக்கு அத்தை சொன்னதே கணக்கு.

தமிழ் ஆண்டுகள் பிரபவ முதல் அட்சய வரை அறுபது. ஒருவர் பிறந்த ஆண்டின் பெயர் அறுபது ஆண்டு சுற்றித் திரும்ப வரும்போது, அவர் பிறந்த தமிழ் மாதத்தில், அவருடைய நட்சத்திரம் வரும் நாளில் செய்வதுதான் சஷ்டியப்த பூர்த்தி. 1966 ஏப்ரல் நடுவில் தொடங்கிய ஆண்டு பராபவ. அதே பராபவ 2026 ஏப்ரல் 14 அன்று பிறக்கிறது. ஆகவே உங்களுக்கு 2026 ஆவணி. 1966-ஆம் ஆண்டுப் பஞ்சாங்கத்தைப் பார்க்கக்கூடிய ஒருவரிடம் அத்தை சொன்ன அடையாளத்தைச் சொன்னால் நட்சத்திரத்தைக் கண்டுபிடித்துவிடுவார். அத்தை ‘அமாவாசை கழிந்த’ என்று சொன்னது எவ்வளவு நல்லதாகப் போயிற்று, பாருங்கள். பொழுது பகலா இரவா என்பதையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள், நட்சத்திரம் மாறும் நாளாக இருந்தால் அது பயன்படும்.

திருக்கடையூர் அமிர்தகடேசுவரர் அபிராமி சந்நிதியில் செய்வது பலருடைய விருப்பம். அங்கே போனால் வீட்டில் சமையல், பந்தல் வேலை மிச்சம். ஆனால் மதுரையிலிருந்து அதிகாலை ஹோமத்திற்கு நேரத்தோடு போய்ச்சேர முடியாது, முதல் நாளே கிளம்பித் தங்க வேண்டும். அத்தையால் அவ்வளவு தூரம் வேனில் உட்கார முடியுமா என்பதை முதலில் கேளுங்கள். பிறந்த நாளை இத்தனை ஆண்டு நினைவில் வைத்திருந்தவர் மேடையில் இல்லாமல் நடக்கும் மணிவிழா எனக்கு உவப்பாக இல்லை. அவரால் முடியாதென்றால் திருமங்கலத்திலேயே, வீட்டு வாசலில் பந்தல் போட்டுச் செய்யுங்கள். பிள்ளைகள் பிறகு ஒரு நாள் உங்கள் இருவரையும் அபிராமி சந்நிதிக்கு அழைத்துப் போகட்டும்.

கேள்வி: மாமனார் காலமான பிறகு கணவரும் கொழுந்தனாரும் தனித்தனியாகிவிட்டார்கள். மாமனார் வைத்திருந்த மொய் நோட்டுகள் நான்கு இருக்கின்றன. கோயம்புத்தூரிலிருக்கும் கொழுந்தனார், ‘அப்பா வாங்கிய மொய்க்கு நான் பொறுப்பில்லை’ என்கிறார். வைகாசியில் எங்கள் மகளுக்குக் காதணி விழா. யார் யாருக்குத் திருப்பிச் செய்ய வேண்டும்?
– வாசகி, உசிலம்பட்டி

பதில்: நம் பக்கத்தில் செய்முறை என்பது கடன்தான், வட்டி இல்லாத, கெடு இல்லாத, ஆனால் மறக்கவே முடியாத கடன். எந்த விசேஷத்தில் வந்தது என்று பார்த்துப் பிரியுங்கள். கொழுந்தனார் திருமணத்தில் வந்த மொய் அவருடையது, உங்கள் திருமணத்தில் வந்தது உங்களுடையது. வீடு குடிபுகுந்தபோது, நாத்தனார் சடங்கில், மாமனார் மணிவிழாவில் என்று பொதுவில் வந்தவற்றை இருவரும் சரிபாதியாகப் பெயர் பிரித்துக்கொள்ளலாம். கொழுந்தனார் தம் பங்கை ஏற்க மறுத்தால், உள்ளூரில் இருப்பவர்கள் என்ற முறையில் நீங்களே செய்துவிடுங்கள். நாளைக்கு அந்த வீடுகளிலிருந்து திரும்ப வரும் புது மொய்யும் உங்கள் பெயரில்தான் எழுதப்படும்.

திருப்பிச் செய்யும்போது பழைய மொய், புது மொய் என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள். அவர்கள் 500 செய்திருந்து நீங்கள் 1001 கொடுத்தால், 500 பழையது கழிந்தது, 501 புதியது. தொகை மட்டுமல்லாமல், தாய்மாமன் சீராக வந்த தங்கத்தைக் கிராம் கணக்கிலும், பாத்திரம், ஆட்டுக்கிடாய் போன்றவற்றைப் பெயர் சொல்லியும் தனித்தாளில் எடுத்தெழுதுங்கள். அன்றைக்கு ஒரு கிராம் மோதிரம் போட்டவருக்கு, அன்றைய ரூபாய் விலையைப் பார்த்து இன்று மொய் எழுதினால் வருத்தம்தான் மிஞ்சும்.

வைகாசி விழாவில் கணினி மொய் வைப்பீர்களானால், அதில் தரும் துண்டுச்சீட்டை நம்பி இருந்துவிடாதீர்கள். அந்தத் தாளில் எழுத்து சில ஆண்டுகளில் வெளுத்துப் போகும். பட்டியலை முழுவதும் வெள்ளைத்தாளில் அச்சடித்து வாங்கிக்கொள்ளுங்கள். பழைய நான்கு நோட்டுகளையும் கைப்பேசியில் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து, ஒரு பிரதியைக் கொழுந்தனாருக்கும் அனுப்பிவிடுங்கள். அனுப்புவதற்கு முன் இரண்டு மாலைப்பொழுது உங்கள் மாமியாரை உட்கார வைத்து, ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் இன்னார் மகன், இன்ன தெரு, இப்போது இருப்பது எங்கே என்று சொல்லச் சொல்லி எழுதிக்கொள்ளுங்கள். ஒரே பெயரில் ஐந்து பேர் இருக்கும் ஊரில், நோட்டில் இருக்கும் 101 ரூபாய் எந்த வீட்டிலிருந்து வந்தது என்று அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.